சுவரில் தொங்கும் பாராமகால்: பழைய நிலப்பட நகல்களை மதிப்பிடுவது பற்றி

பழைய மேப்புக்கு விலை மதிப்பது நாட்றம்பள்ளிப் பக்கத்தில் யாருக்கும் தொழில் இல்லை. தங்கத்துக்கு மதிப்பீட்டாளர் உண்டு, நிலத்துக்கு உண்டு, பச்சைத் தோலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பிரேம் போட்டு மாட்டிய நிலப்படத்துக்குத்தான் ஆள் கிடையாது. ஆனாலும் கேள்வி எழாமல் இல்லை. தோல் வியாபாரக் குடும்பத்தில் பாகம் பிரிக்கும்போதும், டேனரி ஆபீஸைக் காலி செய்யும்போதும், பெரியவர் ஐரோப்பாவில் தோல் சந்தைக்குப் போன இடத்தில் வாங்கி வந்த படம் யாருக்கு என்ற பேச்சில் அது வந்து நிற்கும்: "இது எவ்வளவுக்குப் போகும்?"

அந்த ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இது மூலமா நகலா? நகல் என்றால் எப்படிப்பட்ட நகல்? தொலைந்துபோனால் இதே மாதிரி ஒன்றை மறுபடி மாட்ட என்ன செலவாகும்? ஏலக்கூடங்களுக்கும் பழம்பொருள் கடைகளுக்கும் முதல் கேள்வியோடு வேலை முடிந்துவிடும். நகல் என்று தெரிந்த நிமிஷமே "அலங்காரப் பொருள்" என்று சொல்லிக் கைகழுவிவிடுவார்கள். இங்கே சுவர்களில் தொங்குவது ஏறக்குறைய முழுவதும் நகல்தான் என்பதால், அந்தப் பதிலால் நமக்குப் பயன் இல்லை. உண்மையில் ஆராய வேண்டியது இரண்டாவது கேள்வியை.

தொங்குபவை எவை என்று பார்த்தால் பட்டியல் நீளாது. இரண்டு வட்டங்களாக உலகத்தைக் காட்டி, மூலைகளில் தேவதைகளும் அறிஞர் முகங்களும் நிறைந்த 17ஆம் நூற்றாண்டு டச்சுப் படங்கள் முதலில். ஹோண்டியஸ் 1630இல் வெளியிட்டதும், பிளாவ், விஷர் குடும்பங்களின் படங்களும்தான் உலகம் முழுவதும் அதிகமாக நகலெடுக்கப்பட்டவை. அடுத்தது ஜேம்ஸ் ரென்னல் 1782இல் வெளியிட்ட 'ஹிந்துஸ்தான்' படம். அதன் தலைப்பு அலங்காரத்தில் பிராமணர்கள் சாத்திர ஏடுகளைப் பிரிட்டானியாவின் கையில் கொடுப்பது போல ஒரு காட்சி இருக்கும். ஊர்ப்பெயர் ஒன்றைக்கூடப் படிக்காதவர்களும் அந்தக் காட்சிக்காகவே அதை வாங்குவதுண்டு. மூன்றாவது, ஜான் டாலிஸின் 1851ஆம் ஆண்டு அட்லஸிலிருந்து வந்த 'பிரிட்டிஷ் இந்தியா'. ஓரங்களில் குட்டிக் குட்டிக் காட்சிகள் பொறித்த எஃகுத்தகட்டுப் படம் அது.

முதல் கேள்விக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு பூதக்கண்ணாடி போதும். 1800க்கு முன் அச்சான நிலப்படங்களில் பெரும்பாலானவை செப்புத்தகட்டில் வெட்டிய கோடுகளில் மையை நிரப்பி, ஈரக் காகிதத்தை அதன்மேல் வைத்து அழுத்தி எடுத்தவை. கோட்டில் மை கொஞ்சம் மேடாக நிற்கும். தகட்டின் விளிம்பு காகிதத்தில் பள்ளமாகப் பதிந்து, படத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் தெரியும். இன்றைய நகலில் கோடு புள்ளிகளாக உடைந்துவிடும். ஆஃப்செட் அச்சு என்றால் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்போல ஒழுங்காக அமைந்திருக்கும். இங்க்ஜெட் என்றால் மை தெளித்ததுபோல் சிதறியிருக்கும். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் வலைக்கம்பிகளின் கோடுகள் தெரிவது பழைய வார்ப்புக் காகிதம். கோடில்லாத வழவழக் காகிதம் 1750களில்தான் இங்கிலாந்தில் வந்தது. 1630 என்று போட்ட படத்தில் அது இருந்தால் பேச்சு அதோடு முடிந்தது. அட்லஸில் பைண்டு செய்த படத்துக்கு நடுவில் மடிப்பு இருக்கும். நகலில் அந்த மடிப்பின் நிழல் மட்டும் அச்சாகியிருக்கும், விரல் வைத்தால் தட்டை. பழைய படத்தில் கையால் பூசிய பச்சை பெரும்பாலும் செம்புப் பச்சை. அது காகிதத்தையே அரித்துப் பின்பக்கம் பழுப்பாகத் தெரியும். நகலின் முதுகு வெள்ளையாகவே இருக்கும்.

இத்தனையையும் கண்ணாடிக்கு மேலிருந்து பார்க்க முடியாது. பின்பலகையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்ற மறுத்து விலை மட்டும் பேசுபவரிடம் பேச்சை வளர்க்காமல் வந்துவிடலாம்.

தோல் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தனி வகை இருக்கிறது. 'தோலில் வரைந்த பழைய கடல் வரைபடம்' என்ற பெயரில் சுற்றுலாக் கடைகளில் விற்கும் சரக்கு. வாங்குபவரை ஏமாற்றுவது தோல் என்ற சொல்தான். நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு யாரும் ஏமாறக் கூடாது. இடைக்கால ஐரோப்பியக் கடலோடிகள் பயன்படுத்திய வரைபடங்கள் உண்மையிலேயே விலங்குத் தோலில் வரையப்பட்டவைதான். இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படும் 'பீசா வரைபடம்' 13ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. பாரிஸில் பிரான்ஸின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தத் தோல் பதனிட்ட தோல் அல்ல. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுரண்டிக்கொண்டே காயவைத்தது. பட்டையும் போகவில்லை, கடுக்காயும் போகவில்லை, குரோமும் போகவில்லை. அதனால்தான் அது விறைப்பாக, வெளுப்பாக, ஈரம் பட்டால் சுருங்குவதாக இருக்கும். ஒரு முழுக் கன்றுத்தோலையோ ஆட்டுத்தோலையோ அப்படியே எடுத்து, கழுத்துப் பகுதியை வெட்டாமல் ஒரு பக்கம் நீட்டிவிட்டு வரைவார்கள். நாட்றம்பள்ளியில் டேனரி வேலை செய்த யாரும் அந்தக் கழுத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்.

கடைச் சரக்கு எப்படி இருக்கிறது? மெத்தென்று, சாக்லேட் நிறத்தில், ஓரம் கருகவிட்டு, சுருட்டினால் சுருண்டுகொள்ளும். அது பதனிட்டு எண்ணெய் ஏற்றிய தோல். பெரும்பாலும் ஸ்ப்ளிட் என்ற கீழடுக்குத் தோல், சில நேரம் தோலே இல்லாத ரெக்ஸின். ஓரத்தைக் கூரான பிளேடால் மெல்லச் சீவி வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் வெளிர் நீலம் ஓடினால் அது வெட் ப்ளூவிலிருந்து, அதாவது குரோமில் பதனிட்ட நீல ஈரத்தோலிலிருந்து வந்தது, குரோம் தோல். குரோம் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் காப்புரிமை பெற்றது 1884இல். சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் அதைப் பரிசோதித்து இங்கே கொண்டுவந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு முன் நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். 1600 என்று தேதி போட்ட 'கடற்கொள்ளையர் வரைபடம்' குரோம் தோலில் இருக்க வழியில்லை. வெட்டுமுகம் முழுக்கப் பழுப்பாக இருந்து பட்டைத் தோல் என்று தெரிந்தாலும் அதற்காக வயது கூடிவிடாது. தோலின் சதுர அடி விலையோடு அச்சுக்கூலியைச் சேர்த்தால் அதுதான் அதன் மதிப்பு. இந்த ஒரு வகைக்கு ஏலக்கூட நிபுணரைவிட ஆம்பூர் செலக்‌ஷன் மேஜையில் தோல் தரம் பிரிக்கும் ஆள் சரியாகத் தீர்ப்புச் சொல்வார்.

காகித நகல்களுக்கு வருவோம். எல்லாவற்றையும் 'நகல்' என்ற ஒரே மூட்டையில் கட்டுவதுதான் மதிப்பீட்டில் நடக்கும் பெரிய தவறு. பழைய செப்புத்தகடே கையில் இருந்து, அதிலிருந்து பல ஆண்டு கழித்து எடுத்த பிரதி ஒன்று. அதைப் போலி என்றும் சொல்ல முடியாது, முதற்பதிப்பு என்றும் சொல்ல முடியாது. 1827இலிருந்து ஓர் அங்குலத்துக்கு நான்கு மைல் அளவில் வெளிவந்த 'அட்லஸ் ஆஃப் இந்தியா' தாள்கள் இதற்கு நல்ல உதாரணம். தகட்டில் முதலில் வெட்டிய ஆண்டு அப்படியே நிற்க, ரயில்பாதையையும் புதுச்சாலைகளையும் பிறகு சேர்த்துச் சேர்த்து அச்சிட்டார்கள். கீழோரத்து ஆண்டை மட்டும் படித்து விலை சொன்னால் பல பத்தாண்டுகள் தவறிப்போகும்.

அடுத்தது, அறிஞர்கள் ஆராய்ச்சிக்காகவே எடுத்த நகல். பிரான்ஸில் ஜோமார் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பழைய வரைபடங்களை வரிக்கு வரி நகலெடுத்துப் பெரிய தொகுப்பாக வெளியிட்டார். ஸ்வீடனில் நோர்டென்ஷோல்டு 1889இல் 'ஃபாக்ஸிமிலி அட்லஸ்' கொண்டுவந்தார். 1860வாக்கில் இங்கிலாந்தின் அளவைத் துறையில் ஹென்றி ஜேம்ஸ் நிழற்படத்தைத் துத்தநாகத் தகட்டுக்கு மாற்றி அச்சிடும் முறையை வளர்த்தெடுக்க, நிலப்படங்களை மலிவாக நகலெடுக்க வழி பிறந்தது. இந்த 19ஆம் நூற்றாண்டு நகல்களுக்கு இன்று தங்கள் சொந்த வயதே நூறுக்கு மேல். நகலாகப் பிறந்து பழம்பொருளாகிவிட்டவை. பிரேமுக்குள் இப்படி ஒன்று கிடைத்தால் அதை 'வெறும் நகல்' என்று தள்ளுபவருக்குத்தான் நஷ்டம். இந்தியாவில் இந்த வழியில் வந்தவர் சூசன் கோல். இந்தியாவைப் பற்றிய அச்சு நிலப்படங்களை 1980இல் நகல் தொகுப்பாகவும், 1983இல் ஆய்வு நூலாகவும் கொண்டுவந்தார். அத்தகைய தொகுப்பின் தாளுக்கு மூலம் எது, எந்தப் பதிப்பு என்ற குறிப்பு இருக்கும். மதிப்பீட்டாளருக்கு அந்தக் குறிப்பே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

கடைசியில் அலங்கார அச்சு. அதிலும் இப்போது இரண்டு தரம். பரிசுப்பொருள் கடையில் வாங்கிய, காகிதத்துக்கே தேநீர்ச்சாயம் பூசி வயதாக்கிய போஸ்டர் ஒன்று. நாமே எடுத்துக்கொள்ளும் அச்சு மற்றொன்று. டேவிட் ரம்ஸி சேகரிப்பு, அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம், பிரான்ஸின் தேசிய நூலகம் ஆகியவை தங்களிடமுள்ள பழைய படங்களை மிக நுண்ணிய ஸ்கேன்களாக இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டுப் படத்துக்குப் பதிப்புரிமைத் தடையும் இல்லை. வாணியம்பாடியிலோ திருப்பத்தூரிலோ ஒரு நல்ல டிஜிட்டல் பிரிண்ட் கடையில், பருத்திக் காகிதத்தில், பிக்மெண்ட் மையால், மூலத்தின் அதே அளவில் எடுத்த அச்சு, வெளிநாட்டு விமான நிலையத்தில் விலை கொடுத்து வாங்கிய போஸ்டரைவிட எல்லா வகையிலும் உயர்ந்தது. பெரியவர் வெளிநாட்டிலிருந்து சுமந்து வந்தார் என்பதால் போஸ்டரின் தரம் கூடாது. வீட்டார் மனம் நோகாமல் அதைச் சொல்வது மதிப்பீட்டில் சேராத தனித் திறமை.

'அதே அளவு' என்பது முக்கியம். பழைய நிலப்படத்தில் மைல் அளவுகோல் வரைந்திருக்கும். அதைச் சுருக்கினாலும் பெரிதாக்கினாலும் கோலும் கூடவே மாறிவிடுவதால் தூரக்கணக்கு கெடுவதில்லை. ஆனால் 'அங்குலத்துக்கு இத்தனை மைல்' என்று எழுத்தில் இருந்தால் அது பொய்யாகிவிடும். இதைவிடப் பெரிய கேடு, சோபாவின் அகலத்துக்குப் பொருந்த வேண்டும் என்று ஓரத்தை வெட்டிவிடுவது. வெளியிட்டவர் பெயரும் முகவரியும் ஆண்டும் பெரும்பாலும் கீழோரத்தில்தான் இருக்கும். அந்த ஒரு வரி போன நகலுக்கு என் கணக்கில் பாதி மதிப்பு போய்விட்டது. பிரேம் கடைக்காரர் அதை 'வேஸ்ட்' என்று நினைத்து மவுண்டுக்குள் மறைப்பதும் உண்டு. கழற்றிப் பார்த்தால் சில நேரம் உள்ளே பத்திரமாகக் கிடைக்கும்.

ஓரம் போய்விட்டால் படத்துக்குள்ளேயே தேதி தேட வேண்டும். இதற்கு நம் பகுதி போல வசதியான இடம் அதிகம் இல்லை. இன்று ஆம்பூரும் வாணியம்பாடியும் நாட்றம்பள்ளியும் ஒரே திருப்பத்தூர் மாவட்டம். 2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்து அதை உண்டாக்கினார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஆம்பூர் ஆற்காட்டு நவாபின் கர்நாடகத்தில் இருந்தது. 1749இல் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்ட போர் நடந்தது அங்கேதான். மேற்கே வாணியம்பாடி, நாட்றம்பள்ளி, திருப்பத்தூர் எல்லாம் பாராமகால். மைசூரின் கையில் இருந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். ஆகவே பாராமகாலுக்கு மைசூர் வண்ணம் பூசியிருந்தால் மூலம் 1792க்கு முந்தைய நிலைமையைக் காட்டுகிறது. பிறகு இந்தப் பகுதி சேலம் மாவட்டத்தில் சேர்ந்தது. திருப்பத்தூர் தாலுகா வட ஆற்காட்டுக்கு மாறியது 1911இல். சேலத்தின் எல்லைக்கோடு வாணியம்பாடியைத் தாண்டி வந்து ஆம்பூருக்கு முன் நின்றால் படம் 1911க்கு முந்தையது.

ரயில் இன்னும் நுட்பமான சாட்சி. சென்னை ராயபுரத்திலிருந்து முதல் பாதை 1856இல் ஆற்காடு வரை வந்தது. சில ஆண்டுகளில் பாலாற்றை ஒட்டி மேற்கே நீண்டது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப்பாதை 1864இல் திறந்தது. நாட்றம்பள்ளிக்குப் பக்கத்தில் பாதை கவையாகப் பிரிந்தால் 1864க்குப் பின். ஒற்றைக் கோடாகத் தெற்கே திரும்பினால் அதற்கு முந்தைய சில ஆண்டுகள். கோடே இல்லையென்றால் அதற்கும் முன். டாலிஸின் 1851 படம் என்று சொல்லி விற்றதில் கவைப்பாதை தெரிந்தால், நகலெடுத்தவர் வேறொரு படத்தின் மேல் டாலிஸ் பெயரை ஒட்டியிருக்கிறார் என்று அர்த்தம். இப்படிக் கண்டுபிடிக்கும் தேதி மூலத்தின் தேதி மட்டுமே. நகலின் வயதைக் காகிதமும் மையும்தான் சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதிய மதிப்பீட்டுச் சான்றுகள் புழக்கத்தில் உண்டு.

சரி, நாட்றம்பள்ளிக்காரர் ஒருவர் புதிதாக ஒரு நகலைச் சுவரில் மாட்ட நினைத்தால் எதை எடுக்கலாம்? டச்சு உலகப்படத்தை நான் சொல்ல மாட்டேன். அழகுதான், ஆனால் நம் பாலாற்றங்கரை அதில் ஒரு விரல் நுனிக்குள் அடங்கிவிடும். பிரெஞ்சுக்காரர் தான்வீல் 1752இல் வரைந்த இந்தியப் படத்தைப் பார்க்கலாம். இந்தியாவுக்கு வராமலே, கையில் கிடைத்த பயணக் குறிப்புகளையும் வழித்தூரங்களையும் சலித்து, தெரியாத இடத்தைத் தைரியமாக வெறுமையாக விட்டவர் அவர். அதைவிட நெருக்கமானது ரென்னலின் இன்னொரு படம். 1790, 1791இல் மைசூருக்கு எதிரான போரில் ஆங்கிலப் படைகள் நடந்த வழிகளைக் காட்டுவது. 1791 பிப்ரவரியில் ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் வேலூரிலிருந்து ஆம்பூர்க் கணவாய்ப் பக்கம் போவதுபோலப் போக்குக் காட்டி, திப்பு இங்கே காத்திருக்க, வடக்கே முக்ளி கணவாய் வழியாக மேலேறி மார்ச்சில் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார். அந்த ஏமாற்று நடந்த தரையில்தான் இன்று சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை ஓடுகிறது. விருந்தாளிக்கு விரல் வைத்துக் காட்டக் கதை இருக்கும் படம் அது. பாராமகாலைக் கம்பெனி வாங்கிய பிறகு ஜான் மாதர் 1794 முதல் 1798 வரை அங்கே அளந்தார். 1802இல் பரங்கிமலையடியில் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை அதன்பின் வந்தது. அதற்கு முந்தைய படங்களில் மலைகள் இடம் மாறி உட்கார்ந்திருந்தால் அதற்காக மதிப்பைக் குறைக்க வேண்டாம்.

பிரேமைப் பற்றிப் பேசாமல் விலை பேச முடியாது. நகலின் பில்லில் பெரும்பங்கு அதற்குத்தான். மோல்டிங்கை அடிக்கணக்கில் வாங்கி, கண்ணாடி, மவுண்ட், பின்பலகை, கூலி சேர்த்தால் அச்சைப்போல் சில மடங்கு வரும். விற்கப் போனால் அதில் கொஞ்சம்கூடத் திரும்பாது, பழைய பர்மாத் தேக்குச் சட்டமாக இருந்தாலொழிய. சட்டத்துக்காகப் படத்தை வாங்கும் வியாபாரிகளை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கணக்கு சரி. பின்னால் மஞ்சள் ஸ்ட்ராபோர்டு வைத்திருந்தால் அதன் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கி, மவுண்டின் வெட்டுவிளிம்பை ஒட்டி ஒரு கோடாக எரித்திருக்கும். கண்ணாடியில் காகிதம் நேராக ஒட்டியிருந்தால் மழைக்காலத்தில் பூஞ்சை. பின்பலகை இடுக்கு விட்டிருந்தால் ராமபாணம் உள்ளே. மேற்குச் சுவரில் வெயில் பட மாட்டிய சாதா இங்க்ஜெட் அச்சில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய், நீலம் மட்டும் எஞ்சும். அப்படி வெளுத்ததைச் சிலர் 'பழசு' என்று மகிழ்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

டேனரி ஆபீஸுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்பைடில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். பழைய நிலப்படங்களில் எல்லைக்கோட்டுச் சிவப்புக்கு ஈயச் செந்தூரம் பூசியிருப்பார்கள். ஈயமும் இந்த வாயுவும் சேர்ந்தால் கறுப்பு. ஒரிஜினல் நிலப்படத்தை அங்கே மாட்டுவது அறிவில்லாத வேலை. அந்தச் சுவருக்கு ஏற்றது நல்ல நகல்தான். 'வசதி இருந்தும் ஒரிஜினல் வாங்கவில்லையே' என்று எந்த முதலாளியும் கூச்சப்பட வேண்டியதில்லை. மூலங்களைக் காலநிலைக் கட்டுப்பாட்டில் வைத்துக் காப்பாற்றும் சேகரிப்புகள் நாட்டில் இருக்கின்றன. ஹைதராபாத் கலாகிருதி ஆவணக்காப்பகம் தன்னிடமுள்ள படங்களை 2015இல் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தது.

சட்டம் சுருக்கமானது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறாண்டு கடந்தது தொல்பொருள். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப்படி, ஆவணம் என்றால் 75 ஆண்டே போதும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது; விற்பனைத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். புது நகலுக்கு இதெல்லாம் பொருந்தாது. ஆனால் அமெரிக்காவிலிருக்கும் மகனுக்குப் பெட்டியில் வைத்து அனுப்பும்போது சுங்க அதிகாரி கேட்டால், இது நகல் என்று காட்டும் பில்லோ, பின்புறக் குறிப்போ கையில் இருப்பது நல்லது. தேநீர்ச்சாயம் பூசி வயதாக்கியவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

காப்பீட்டுக்கு எழுதும் தொகை, அதே தரத்தில் மறுபடி அச்சிட்டுப் பிரேம் போட இன்று ஆகும் செலவு. அதற்கு மேல் ஒரு ரூபாய் எழுதினாலும் பிரீமியம்தான் வீண். தீ விபத்துப் பாலிசிகளில் கலைப்பொருள், வரைபடம், கையெழுத்துப்படி போன்றவை தனியாகக் குறிப்பிட்டாலொழியச் சேராது என்ற விலக்கு பொதுவாக இருக்கும். அந்தப் பத்தியைப் படித்துவிட்டே கையெழுத்துப் போட வேண்டும். பாகப்பிரிவினைக்கு எழுதும் தொகை வேறு. அது விற்றால் கிடைப்பது, அலங்கார நகலுக்கு ஏறக்குறையச் சட்டத்தின் பழைய விலை. நூறு வயதான நகலோ, பழைய தகட்டிலிருந்து எடுத்த பிரதியோ என்றால் மட்டும் அவசரப்பட்டுத் தொகை எழுதாமல், பிரேமைக் கழற்றி முன்பக்கம், பின்பக்கம், கீழோரம், ஒரு மூலையின் பெரிதாக்கிய தோற்றம் என்று போட்டோ எடுத்து, நிலப்பட வியாபாரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகு எழுதலாம்.

புதிதாக மாட்டும் நகலின் பின்பலகையில் நான்கு விவரம் பென்சிலால் எழுதி வைப்பது போதும்: மூலம் யாருடையது, எந்த ஆண்டு; ஸ்கேன் எந்த நூலகத்தினுடையது; அச்சான ஆண்டும் மையும் காகிதமும்; மூலத்தின் அளவா, சுருக்கியதா. பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அதன் மை நாளாக நாளாகக் காகிதத்தின் முன்பக்கம் ஊறி வரும்.